கோல்கி டப்பா

இன்று காலை ரசப்பொடி தீர்ந்ததென்று டப்பாவைக் கழுவப் போனேன். ஓரம் கிழிந்து, மஞ்சளேறிப்போன சீட்டில் 'கோல்கி' என்று உன் குண்டுக் கன்னட எழுத்து. குழாயை மூடிவிட்டேன். உள்பக்கத்தைத் துணியால் மட்டும் துடைத்து வைத்தேன்.

ஹெப்பாளில் நமக்கு ஒற்றை அறை. நம் ஊர் கௌதள்ளியிலிருந்து தோழிகளாக ஒன்றாக வந்தோம். உனக்குத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை, எனக்கு உயிரியல் பட்டமும் வேலை தேடலும். ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அதுவும் கைநழுவினால் அப்பா என்னை ஊருக்கு அழைத்துக் கல்யாணம் முடித்திருப்பார். உன்னை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன்.

"செல்லுக்குள் செய்த புரதம் கோல்கிக்குப் போகும். அங்கே பொட்டலமாகி, சேர வேண்டிய இடத்துக்குப் போகும்."

நீ பூண்டு உரிப்பதை நிறுத்தினாய். "போவும் போவும்ங்கற. யாரு புள்ள தூக்கிட்டுப் போறது? எங்க பேக்கிங்ல பெட்டி தானா நடந்து லாரி ஏறுதா?"

சுமப்பதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன, இழைகளின் மேல் எட்டு வைத்து நடக்கும் என்றேன்.

"அப்ப அவளத்தான மொதல்ல சொல்லோணும்! வாத்தியாரம்மா லட்சணத்தப் பாரு."

மறுநாள் வேலையிடத்தில் வீணான சீட்டுகளைக் கொண்டுவந்து, பேர் எழுதி டப்பாக்களில் ஒட்டினாய். உப்பு டப்பா உட்கரு, ரசப்பொடி டப்பா கோல்கி. கடுகைப் பொட்டலம் கட்டி டப்பாவுக்கு டப்பா நடத்திப் பார்த்தோம். சமையல் நேரத்தில் நீ "கோல்கிய எடு கணே" என்று கன்னடம் கலந்து கூப்பிடுவாய்.

வகுப்பன்று பதற்றத்தில், பாடத்தில் காட்ட எடுத்து வைத்த டப்பாப் பையை அறையிலேயே விட்டுவிட்டேன். கல்லூரி வாசலில் நின்று உனக்குப் போன் செய்து அழுதேன். நீ கம்பெனி பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி, அறைக்கு ஓடி, பையோடு வந்து நின்றாய். "இந்தா. அழுத மூஞ்சியத் தொடச்சுட்டுப் போ." பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

வேலை கிடைத்தது. சொல்லாமல் லீவு போட்டதற்காக உன்னைப் பேக்கிங்கிலிருந்து லாரியில் பெட்டி ஏற்றும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா? உன்ற வேலையத் திருப்பிக் குடுத்துருவியாக்கும்?"

நீ சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறகு சொல்லலாம் என்றே வருடங்கள் ஓடின. போன ஆண்டு காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

உன் பேச்சை மட்டும் நான் தட்டவில்லை. செல் பாடத்தில் முதலில் கரும்பலகையில் வரைவது சுமப்பவளைத்தான். இன்றும் வரைந்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கன்னடத்தில் கேட்டாள்: "கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு அது என்ன ஆகும், மேடம்?"

சுமையை விட்டுவிடும் என்றேன். அன்று பையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு எப்படியடி திரும்பிப் போனாய்? பஸ் கிடைத்ததா, நடந்தே போனாயா? நான் கேட்கவே இல்லை.