வந்துபோனவர்கள் நோட்டு

அன்பு மகளுக்கு, அப்பா தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

எப்போதும்போல மருந்துக்கடைக்காரர் எழுதித் தந்தது என்று நினைத்துவிடாதே. இதில் ஓர் எழுத்தும் அவருடையது இல்லை. நான் மாலை வகுப்புக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. டீச்சருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. என்னை 'கடைசி பெஞ்சு' என்றுதான் கூப்பிடுகிறாள். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

இந்த வருடம் கூட்டம் அதிகம். பட்டணத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கடற்கரைக்கு வந்து இறங்கிவிடுகிறார்கள். ஞாயிறு மதியம் அவர்கள் போனதும் நாலு விடுமுறை வீட்டுக் குளியலறையிலும் மணல் அள்ளுகிறேன். உப்புக்காற்றில் குழாயெல்லாம் துரு. புதுசு மாற்றுகிறேன் என்று முதலாளியம்மா மூன்று வருடமாகச் சொல்கிறார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை என்னை ஒரேயடியாகக் கூட்டிப்போக வருவதாகச் சொன்னாய். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொன்னால் அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்பாய். அதனால் எழுதுகிறேன்.

வந்து தங்குகிறவர்கள் சாவியைத் தருமுன் நாலு வரி எழுதிவைக்கிற நோட்டு உனக்கு நினைவிருக்கும். முப்பது வருடம் அதைத் தூசி தட்டினேனே தவிர, படித்ததில்லை. உன் அம்மாவும் அப்படித்தான். பக்கத்தைப் பார்த்து, "நீளமா எழுதியிருக்காங்க, திருப்தியாத்தான் போயிருக்காங்க" என்பாள். எழுத்து வந்ததும் நான் முதலில் எடுத்தது அந்த நோட்டைத்தான்.

மகளே, பக்கத்துக்குப் பக்கம் உன் அம்மா இருக்கிறாள். படியிலேயே நிறுத்திக் காலைக் கழுவச் சொன்னாளாம். "கடலையே கால்ல கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று திட்டினாளாம். அந்தத் திட்டுக்காகவே மறுபடி வருவேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகுதான் தேதியைப் பார்த்தேன். எண்கள் எனக்கு முன்பே தெரியும். அம்மா போய் ஏழு வருடம். நான் படித்துச் சிரித்த பக்கம் எழுதி நாலு வருடம்தான் ஆகிறது.

போன மாதம் வரைக்கும் திருப்பினேன். அதே படி, அதே திட்டு. படுக்கை விரிப்பு எடுக்க வந்த சலவைக்காரரிடம் காட்டினேன். "பழசைப் படிச்சுட்டு விளையாட்டுக்கு எழுதியிருப்பாங்க பெரியவரே" என்றார். பழைய நோட்டுகள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. சாவி என் இடுப்பில். இது அம்மா போன பிறகு வைத்த புது நோட்டு, எனக்கே அப்போதுதான் அது நினைவு வந்தது. அதைச் சொன்னதும் மனுஷர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

கிளம்பும்போது சிலர், "அம்மாகிட்டயும் சொல்லிடுங்க" என்பார்கள். முதலாளியம்மாவைத்தான் சொல்கிறார்கள் என்று இத்தனை வருடமும் தலையாட்டியிருக்கிறேன்.

எனக்குப் பயம் இல்லை, கோபம்தான். நாற்பது வருடம் குடித்தனம் பண்ணினவனுக்குக் காட்டாத முகத்தை, இரண்டு நாள் தங்க வருகிறவனுக்குக் காட்டுகிறாள். தினமும் மத்தியானம் அந்தப் படியில் உட்கார்ந்து பார்க்கிறேன். காற்றுதான் வருகிறது.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். வண்டி வந்து நின்றதும் உள்ளே எட்டிப்பார்த்து, "பட்டணத்துலேர்ந்துதானே வர்றீங்க? எங்க பொண்ணு உங்ககூட வரலியா?" என்று கேட்கிறாளாம். ஒருவர் இருவர் இல்லை, பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள்.

அவள் போனபோது உன்னால் வந்து சேர முடியவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை, எனக்குத் தெரியும். அதற்கப்புறம் என்னைப் பார்க்க வேண்டுமென்றாலும் பஸ் ஸ்டாண்டுக்கே வரச் சொல்வாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை மட்டும் வண்டியை வாசல்வரை கொண்டுவா. என்னை ஏற்றிக்கொண்டு உடனே திரும்பாதே, இரண்டு நாள் தங்கு. ஒன்றாம் நம்பர் வீட்டை யாருக்கும் விடாமல் வைத்திருக்கிறேன். அவள் கேட்டால், வந்துவிட்டேன் என்று நீயே சொல். அதற்கப்புறம் வருகிறவர்கள் எழுதுவதில் அவள் இல்லையென்றால், மறுபேச்சில்லாமல் நானே பஸ் ஏறி உன்னிடம் வந்துவிடுகிறேன். இருந்தால், என்னை இங்கேயே விட்டுவிடு. அவளைத் தனியாக விட்டுவர எனக்கு மனசு வராது.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருடம் நன்றாக இருங்கள். பயப்படாமல் வா, கண்ணு. உன்னைப் பெற்றவள்தான்.

அப்பா