நாற்பத்தெட்டு டைல்ஸ் அறை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் வலது முழங்கால் மட்டும் அப்படி எழுத ஒத்துக்கொள்ளவில்லை, அதைத் தனியாக விசாரித்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனில் சொல்லவேண்டியதை இந்த மனுஷன் ஏன் பக்கம் பக்கமாகக் கிறுக்குகிறார் என்று நினைக்காதே. போனில் நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை வியாழக்கிழமை நீயே பார்த்துவிட்டாய். எழுதினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். அம்மா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். வெள்ளிக்கிழமை நீ வேலை தருகிற அந்த ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வியாழக்கிழமை நான் சொன்னது அத்தனையும் தப்பு, அதை நம்பி எதையும் முடிவு பண்ணிவிடாதே.

நீ செவ்வாய்க்கிழமை அனுப்பிய அட்டவணையை அம்மா கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்து வந்தாள், மூன்று தாள். வெளிநாட்டில் இரண்டு ஊரில் செயற்கைப் பல் செய்கிற இரண்டு வேலை வந்திருக்கிறது, எந்த ஊரில் போய்க் குடியிருப்பது என்று பார்க்க ஒரு பெண் இவ்வளவு யோசிப்பாளா என்று வாயைப் பிளந்துவிட்டேன். வாடகை, பஸ், ரொட்டி என்று யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். குளிர்க் கோட்டு எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டு அதன் விலையை மாதத்துக்குப் பங்கு போட்டிருக்கிறாய், மூக்குக் கண்ணாடி உடைந்தால் எந்த ஊரில் என்ன ஆகும் என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்குப் போன் போட்டு, வீட்டைச் சூடாக வைக்க மாதம் என்ன கட்டுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய், எனக்கெல்லாம் பக்கத்து வீட்டில் ஏணி கேட்கவே மூன்று நாள் தைரியம் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் விட நான் அசந்துபோனது அந்தக் கடைசி வரிசையில்தான். அம்மா ஒவ்வொரு விலையையும் நம் ஊர்க் காசுக்கு மாற்றி, ஒரு தடவை முடி வெட்ட இவ்வளவா, இந்தக் காசுக்கு நம்ம தெரு மொத்தத்துக்கும் மொட்டை அடிச்சிடலாமேன்னு நெஞ்சில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். நீ காசையே பார்க்கவில்லை, எத்தனை நிமிஷம் வேலை செய்தால் அந்தச் சாமான் கைக்கு வரும் என்று போட்டிருக்கிறாய். விலை கூடின ஊரில் முடி வெட்ட ஐம்பது நிமிஷ வேலை, மலிவான ஊரில் சம்பளமும் மலிவாக இருப்பதால் எழுபது நிமிஷம். மலிவு எது கிராக்கி எது என்று எனக்கு இந்த வயதில்தான் புரிந்தது. நானும் எனக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கு நிமிஷம் இல்லை டைல்ஸ்தான், ஒரு தடவை முடி வெட்ட நான் ஆறு டைல்ஸ் ஒட்டவேண்டும். அம்மா அதைக் கேட்டுவிட்டு, உங்க தலையில இருக்கிறதுக்கு ரெண்டு டைல்ஸே ஜாஸ்திங்க என்றாள்.

நான் பத்தொன்பது வயதில் வெளியூர் வேலைக்குப் போன கதை உனக்குத் தெரியும், தெரியாத பாதியை இப்போது சொல்கிறேன். இங்கே கொடுக்கிற கூலியைப் போல இரண்டு மடங்கு தருகிறார்கள் என்று ஒருத்தர் சொன்னார், அந்த ஒரு வார்த்தைக்கு ரயில் ஏறினேன். அங்கே வாடகை மூன்று மடங்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே அறையில் ஒன்பது பேர், ஷிப்டு போட்டுத் தூங்கினோம். பதினோரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கையில் இருந்தது பாடாத ஒரு ரேடியோ. அதைத்தான் இத்தனை வருஷமும் நான் வெளியூரில் சம்பாதித்தது என்று அலமாரியில் வைத்து உனக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவனுக்கு மூன்று தாளில் ரொட்டி முதல் கண்ணாடி வரை எழுதி, நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கப்பான்னு கேட்கிற பெண் எப்படி வந்து பிறந்தாள் என்று யோசிக்கிறேன், அம்மா அதில் யோசிக்க ஒன்றுமில்லை, என்னைப் போல என்கிறாள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இரண்டாவது தாளில், விலை கூடின ஊரில் ஒற்றை அறை, பல் செய்கிற கூடத்துக்கு நடந்தே போகலாம், பதினேழு சதுர மீட்டர் என்று எழுதிவிட்டு அந்த வரியைக் கோடு போட்டு அடித்திருந்தாய். அடுத்த வரியில் இரண்டு அறை, ஒரு மணி நேர ரயில், அந்த வாடகைக்கு இருபதாம் தேதியோடு கை காலி. ஒரு மீட்டர் மூன்று அடி, அப்போது பதினேழு சதுர மீட்டர் ஐம்பத்தொரு சதுர அடி என்று நான் டக்கென்று பெருக்கிவிட்டேன். முப்பது வருஷமாக அடிக்கணக்கில் தரை போடுகிறவன்! ஐம்பத்தொரு அடி என்றால் கொஞ்சம் தாராளமான குளியலறை. என் பெண் பக்கெட்டுக்குப் பக்கத்தில் படுப்பாளா என்று பொங்கிப்போய்த்தான், அந்த ஊரே வேண்டாம், மலிவான ஊருக்குப் போ என்று போனில் கத்தினேன். நீ எதிர்த்துப் பேசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சரிப்பா, யோசிக்கிறேன்னு மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாய். அந்தச் சரிப்பா என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. ஏனென்றால் விலை கூடின ஊரின் பல் கூடத்தைப் பற்றி, பீங்கான் பல்லுக்கு நிஜப் பல்லின் நிறத்தை அடுக்கடுக்காக ஏற்றக் கற்றுத் தருவார்கள் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தாய். மலிவான ஊரைப் பற்றி, இப்போது செய்கிற அதே வேலை என்று ஒரே வரி. அந்த நீளத்தை நான் முதலிலேயே அளந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை நான் இப்போது வேலை செய்கிற பேங்க் மேனேஜர் அம்மா வீட்டு ஹாலில், இரண்டடி டைல்ஸ் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நீ எழுதிய நீள அகலம் மண்டையில் உறைத்தது. மூன்று புள்ளி ஆறுக்கு நாலு புள்ளி எட்டு. இரண்டடி டைல்ஸுக்குப் பெட்டியில் போட்டிருப்பது புள்ளி ஆறு மீட்டர். அது ஆறு டைல்ஸுக்கு எட்டு டைல்ஸ் பாப்பா, மொத்தம் நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு டைல்ஸ் எந்தக் குளியலறையிலும் அடங்காது, நூற்று எண்பது அடிக்கு மேலேயே வரும், நீளத்தை மூன்றால் பெருக்கியவன் அகலத்தைப் பெருக்க மறந்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் அந்த வரிக்குப் பக்கத்தில் நீ பொடி எழுத்தில் எழுதியிருந்ததையும் அம்மாவிடம் படிக்கச் சொன்னேன், என் கண்ணுக்கு அது எறும்பு. அப்பா அம்மா வந்தால் படுக்க இடமில்லை என்று இருந்தது. நீ அந்த அறையை அடித்தது இதற்காகவா?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஒட்டி முடித்த ஹாலில் ஆறுக்கு எட்டு எண்ணி சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டேன். பசை மூட்டைகளை அடுக்கிக் கட்டில், டைல்ஸ் பெட்டிகளை நிமிர்த்தி அலமாரி, கவிழ்த்த பக்கெட்டு அடுப்பு, ஜன்னல் நீ எழுதியிருந்த பக்கம். அம்மா உள்ளே நடந்து பார்த்தாள், அடுப்புக்கும் கட்டிலுக்கும் போய் வந்தாள், அலமாரிக் கதவு திறக்க இடம் விட்டீங்களா என்று கேட்டு என்னைப் பெட்டியைத் தள்ளவைத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அவள் படுத்தாள், அவளுக்கு இந்தப் பக்கம் நான் படுத்தேன். நான் கால் நீட்டிப் படுத்த பிறகும் வாசல் பக்கம் ஒரு வரிசை டைல்ஸ் மிச்சம். உங்க குறட்டைக்கு அந்த வரிசை என்றாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் அம்மா உள்ளே வந்துவிட்டார்கள். புதுத் தரையில் மேஸ்திரியும் அவர் பெண்டாட்டியும் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள், மேஸ்திரி, கிரகப்பிரவேசத்த நீங்களே முடிச்சிட்டீங்களா என்று கேட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு அவர்களும் கோட்டுக்குள்ளே வந்து நின்று பார்த்து, தனியா இருக்கிற பொண்ணுக்கு இதுக்கு மேல கூட்டிப் பெருக்க முடியாதுங்க என்றார்கள்.

அதனால் நீ அடித்த வரியை நான் பேனாவால் மறுபடி எழுதி, இரண்டு அறை வரியை அடித்துவிட்டேன். ஒற்றை அறையைப் போட்டால் விலை கூடின ஊரில் உன் சம்பளம் மாதக் கடைசி வரை வருகிறது, கூட்டிப் பார்த்தது அம்மா, அதனால் நம்பலாம். எங்களுக்காக ஒரு சுவர் கூடுதலாக வாடகைக்கு எடுக்காதே. வருஷத்தில் பத்து நாள் படுக்கப்போகிற எங்களுக்காக மிச்ச நாளெல்லாம் நீ ரயிலில் நிற்கவேண்டாம். அந்த ஊருக்கே போ, அந்த நிறத்தை ஏற்றக் கற்றுக்கொள். நான் தரையில் ஒட்டுகிறேன், நீ வாயில் ஒட்டுகிறாய், ஆனால் நான் ஒட்டுவதை ஜனங்கள் மிதிக்கிறார்கள், நீ ஒட்டுவதைக் காட்டிச் சிரிப்பார்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். வெறும் சாக்பீஸ் கோடுதான், ஆனாலும் வாசல் என்று நான் வரைந்திருந்த இடத்தில் அம்மா செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். நான் சிரித்ததற்கு, பாப்பா வீடுங்க என்றாள்.

எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும், போகிற இடத்தில் நல்ல மனுஷர்கள் உனக்கு வாய்க்கட்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே, வியாழனே பதில் போட்டுவிடு. அறையின் சாவி கைக்கு வந்ததும் ஒரு தடவை நாடா வைத்து அளந்து சொல், ஆறுக்கு எட்டு இல்லையென்றால் அவர்களிடம் நான் பேசுகிறேன்.

இப்படிக்கு,
கட்டில் பக்கம் அம்மா, வாசல் பக்கம் நான் என்று இடம் பிடித்துவிட்ட
உன் அப்பா