இல்லாத சூளகிரி மெக்கானிக்

அன்பு மகன் மெல்வினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், கனடாக் குளிரில் உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி என் கோபத்தைக் கேள். போனில் நீ என்னைப் பேச விட மாட்டாய், எனக்கும் சட்டென்று வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ விட்டுப்போன பழைய பைக் வருடக்கணக்காகத் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. ஓசூரில் கேட்ட மெக்கானிக் எல்லாரும் ரெண்டு கார்புரேட்டர் வண்டியா, ஆளை விடுங்க என்று ஒதுங்கிவிட்டார்கள். சரி என்று நானே பிரித்தேன். உள்ளே பழைய பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. பெட்ரோல் இறங்கும் சின்னப் பித்தளை ஜெட்டுகளை, ஈஸ்டருக்கு முன்னால் கோயில் மெழுகுவத்தித் தண்டுகளைத் தேய்ப்பது போலப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தேன். தங்கமாய் மின்னின, ஆனால் ஒன்றின் துளையில் புளி நார் அடைத்துக்கொண்டு ஒரு பக்க சிலிண்டர் வேலை செய்யவில்லை. அது என் தப்புதான். அதை நீ குடும்ப குரூப்பில் அம்மா வைத்த கார்புரேட்டர் ரசம் என்று போட்டாய், உன் சித்தி எவாஞ்சலின் அப்பளம் உண்டாக்கா என்று கேட்டாள், நானும்தான் சிரித்தேன். பிறகு பஞ்சர் கடையில் ஜெட்டுக்குக் காற்றடித்து, புது கேஸ்கெட் போட்டு, ஆக்சிலேட்டர் திருகினால் இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறுகிறதா என்று ஒரே அளவு டிரில் பிட் இரண்டை இரண்டு கார்புரேட்டர் ஸ்லைடுக்கும் அடியில் கொடுத்துச் சரிபார்த்தேன். உதைத்ததும் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு முனிலட்சுமி ஏனக்கா, வீட்டுக்குள்ள ரைஸ்மில்லு வச்சிட்டியா என்று ஓடிவந்தாள்.

என் கோபம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. வண்டி வாங்க நீ அனுப்பிய மோகன்குமார் பெங்களூரிலிருந்து வந்தார். ஓட்டிப் பார்த்து இறங்கியவர், சக்கத்தாகி மாடிதானெ, பிரமாதமா பண்ணிருக்கான், யாரு சார் மெக்கானிக் என்று கேட்டார். உன் அப்பா என் முகத்தைப் பார்க்காமல், சூளகிரியில ஒரு ஆளுங்க, கைராசிக்காரன் என்றார். பெட்ரோல் நாற்றம் போகாத கையில் காபித் தட்டோடு நான் நின்றேன். அம்மா செஞ்சதுன்னு சொல்லாதீங்க, வாங்க மாட்டான் என்று நீ அப்பாவுக்கு முன்னமே சொல்லிக்கொடுத்திருக்கிறாய். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, நாலு பேர் முன்னால் பேசப் பயந்தே வேலைக்குப் போகாமல் விட்டேன். அந்த நானே அன்றைக்குப் பேசினேன். நான்தாங்க பண்ணேன், புளி நாரை அடைச்சதும் நான்தான், எடுத்ததும் நான்தான் என்றேன். அவர் திரும்பவும் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யோசிச்சு சொல்றேன் என்று போய்விட்டார்.

அதற்கு நீ அப்பாவைப் பிடித்துக் கத்தியிருக்கிறாய். மனிதர் அன்று சாப்பிடவில்லை. பொய் சொல்லச் சொன்னது நீ, திட்டு வாங்கியது அவர், நன்றாக இருக்கிறதடா நியாயம். அவர் மேல் எனக்குள்ள கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கத்த வேண்டாம்.

வண்டி உன் பேரில் இருக்கிறது, தாராளமாக விற்றுக்கொள். ஆனால் அடுத்து யார் வந்தாலும் இது எங்கம்மா செய்தது என்று முதலில் நீ சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வாய் கூசினால் தெரிவித்துவிடு, ஜெட்டுகளைக் கழற்றி எடுத்துக்கொள்கிறேன், நீ விட்டுப்போன மாதிரியே ஓடாத வண்டியாக விற்றுக்கொள்ளலாம்.

மாதா உன்னை எந்தக் குறையுமில்லாமல் காக்கட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். இனிக் கூப்பிடுவதானால் அப்பாவுக்கு வேண்டாம், என் நம்பருக்குக் கூப்பிடு.

உன் அம்மா,
மேரிராணி