ரிலீவர் வரும்வரை

ஜூலை 7, திங்கள்
விடியற்கால ரயிலுக்கு ஓடும் தாய்மார்கள் தூங்குகிற பிள்ளைகளை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக நளினி வந்து தன் பாப்பாவை வாங்கிக்கொண்டபோது இருட்டி நெடுநேரமாகிவிட்டது. காப்பகத்துக்கு நானும் தாயம்மாவும்தான் ஆயாக்கள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். சொன்னவன் என் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். என் மகள் அன்பு முழித்திருந்து நான் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான்.

ஜூலை 9
சம்பளத்தைக் கூட்டுங்கள், ஆள் போட்டு இரண்டு ஷிஃப்ட் ஆக்குங்கள் என்று காப்பகம் நடத்தும் வாணி மேடத்திடம் கேட்டோம். அப்படியானால் ஃபீஸ் ஏறும், தாய்மார்களிடம் நீங்களே சொல்லுங்கள் என்றார். நல்ல தந்திரம்.

ஜூலை 10
சொன்னேன். நளினி முகம் கொடுக்காமல் போனாள். பெங்களூரில் நாளெல்லாம் தையல் மிஷின் முன்னால் உட்காருகிறவள் – அவளை என்ன சொல்ல?

ஜூலை 14
மதியமே கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடலாம் என்கிறாள் தாயம்மா. பிள்ளைகளை? அப்பா மைன்ஸில் பம்ப் பார்த்தவர். தன்னை மாற்றிவிட அடுத்த ஷிஃப்ட் ஆள், அந்த ரிலீவர், வராமல் இடத்தைவிட்டு நகரமாட்டார். எங்களுக்கு யார் ரிலீவர்? வாணி மேடம்தானே!

ஜூலை 15
யோசனையை நளினியிடம் சொன்னேன். ரயிலில் எல்லோரிடமும் பேசிவிட்டு வந்தாள். "கூட்டினு போங்கக்கா. பாப்பாவுக்கு மட்டும் வெயில் படாம பாத்துக்கங்க."
வேலை போய்விட்டால்? பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 17
மதியம் பிள்ளைகளை ஆட்டோக்களில் ஏற்றிக்கொண்டு மேடம் வீட்டுக்கே போனோம். பால்புட்டி, மாற்றுத்துணி எல்லாம் ஒப்படைத்தேன்.
"எங்க ஷிஃப்ட் முடிஞ்சிது மேடம். நீங்கதான் ரிலீவர்."
சோபாவில் ஒருவன் மூத்திரம் போனான். நளினியின் பாப்பா என்னைப் பார்த்துக் கைநீட்டி அழுதது. வாசலில் நின்றுகொண்டு தூக்காமல் இருந்தேன். பாவி நான். ராத்திரி தாய்மார்கள் ரயிலிறங்கி நேரே அங்கே வந்தார்கள். நளினிதான் பேசினாள். ஃபீஸை ஏற்றினால் தினமும் பிள்ளைகளை இங்கேயே கொண்டுவந்து விடுவோம் என்றாள். மேடம் சேலையெல்லாம் பால்சோறு.

ஜூலை 19
ஒத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்
மதிய ஷிஃப்டுக்கு அமலாவும் இன்னொருத்தியும் வந்துவிட்டார்கள். சம்பளம் கேட்டதில் பாதிதான் ஏறியது. மீதிக்குச் சண்டை இருக்கிறது.
பள்ளிவிட்டு வந்த அன்பு, வீட்டில் என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.
"இன்னாமா, வேல போயிடுச்சா?"
ஷிஃப்ட் முடிந்தது என்றேன். நம்பவில்லை. தாயம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்ட பிறகுதான் பையைக் கீழே வைத்தாள்.