பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார்

திங்கட்கிழமை, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகம். வீடும் சுகம்தான், மழை வந்தால் மட்டும் மூன்று இடத்தில் அழும். நீ சுகமா என்று கேட்டு நான் போடும் மூன்றாவது கடிதம் இது. காது மந்தமான பிறகு போனை எடுப்பதை நீ விட்டுவிட்டாய், அது போகட்டும். மாதம் பிறந்து பத்து நாளைக்குள் வந்துவிடும் உன் கடிதம் இந்த மாதம் ஏன் வரவில்லை? தபால்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும், நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுகிறார்.

நாளை வீட்டை விற்கும் பத்திரப் பதிவு. போன வியாழக்கிழமையே முடித்திருக்க வேண்டியது. கூட வேலை பார்ப்பவர் ஷிப்ட் மாற்றிக் கேட்டார். எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வராதே, தள்ளிப் போட்டுவிட்டேன். வீட்டை விற்க நீ எனக்குக் கொடுத்த பவர் செல்லுபடியாக, நீ உயிரோடு இருப்பதாக அந்த வெளிநாட்டு டாக்டர் கொடுத்த சான்றிதழுக்கு முப்பது நாள்தான் ஆயுளாம். நாளை இருபத்தொன்பதாவது நாள். நல்லவேளை, தப்பித்தோம். இன்னொரு தடவை என்னை டாக்டரிடம் அலைய விடாதே என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா?

பத்திரம் எழுதுபவரை இங்கே எல்லோரும் கமா என்றுதான் சொல்வார்கள். அவர் எழுதினால் முற்றுப்புள்ளி கடைசிப் பக்கத்தில்தான் வரும். அவர் எழுதிய நகலைப் படித்துச் சிரித்தேன். எல்லாம் நீ பேசுவது மாதிரி இருக்கிறது. வீடு உன் அனுபோகத்தில் இருக்கிறதாம். பத்தொன்பது வருஷமாக ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்து அனுபவிப்பது நான், பெயர் உனக்கு. கடைசியில் உன் பெயரைப் போட்டு, 'அவருக்காக அவருடைய பவர் ஏஜெண்ட்' என்று என் கையெழுத்து.

வாங்குகிறவர் பஸ் டிரைவர். அவர் மனைவி நர்சரிப் பள்ளி டீச்சர். நல்ல மாதிரியாகத் தெரிகிறார்கள். வாசலில் பதினோரு படி இருக்கிறதே என்றேன். வயசுப் பிள்ளைகள், ஏறிவிடுவோம் என்றார்கள். நாலாவது படிக் கல் ஆடுவதைச் சொன்னேன். வருகிறவர்கள் எல்லோரும் அதை மிதித்துத்தான் வருகிறார்கள், தடக்கென்று சத்தம் கேட்கும். அதைத் தாண்டி ஏறத் தெரிந்தது உலகத்திலேயே மூன்று பேர்தான், நீ, நான், என் வீட்டுக்காரி இவள்.

என் முழங்காலுக்காக நீ வீட்டை விற்கச் சொன்னதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. படியில்லாத வீடாகப் பார்த்து ஆஸ்பத்திரிப் பக்கமே போய்விடுங்கள் என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் இல்லாத அவசரம் உனக்கு இப்போது ஏன் வந்தது என்று இவள் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. பதில் போடு. இரண்டு வரி போதும்.

உன் அன்புத் தம்பி


செவ்வாய்க்கிழமை, மாலை

அன்புள்ள அக்கா,

நேற்றுப் போட்ட கடிதம் இன்னும் இந்த ஊரையே தாண்டியிருக்காது. அதற்குள் இன்னொன்று. பதிவு முடிந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பதினொன்று பத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். கைரேகை வைத்தேன். கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நாள் முழுக்க எக்ஸ்ரே அறையில் மற்றவர்களைப் பார்த்து மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க என்று சொல்கிறவன் நான். இன்று என்னைப் பார்த்து ஒரு பெண் அதையே சொன்னாள். பிடித்தேன். விடச் சொல்ல அவள் மறந்துவிட்டாள்.

அதன் பிறகு அதிகாரி ஒரு தாளை நீட்டினார். 'எனக்குப் பவர் கொடுத்தவர் இன்றைய தேதியில் உயிருடன் இருக்கிறார் என உறுதி கூறுகிறேன்' என்று ஒரே வரி. அக்கா இருக்காங்கல்ல என்று கேட்டார். கல்யாண வீட்டில் கேட்பது மாதிரிச் சாதாரணமாகத்தான் கேட்டார். இருக்காங்க சார் என்று சொன்னேன். சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி பதினொன்று இருபது. கையெழுத்துப் போட்டேன். டிரைவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் இவள் வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பதிவு ஆபீசுக்குப் போன பிறகு, பத்தே முக்காலுக்கு யாரோ படியேறி வந்தார்களாம். நாலாவது படியில் சத்தம் வரவில்லை. நான்தான் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று நினைத்திருக்கிறாள். மேல்படி வரைக்கும் வந்து சத்தம் நின்றுவிட்டது. வழக்கமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வர்ற மனுஷன் ஏன் நிக்கிறார் என்று போய்த் திறந்தாளாம். யாரும் இல்லை. தெருவிலும் யாரும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பூனையாக இருக்கும் என்றேன். பூனை செருப்புப் போடுமா என்று கேட்டாள். சிரித்து வைத்தேன்.

சாப்பிட்ட கையோடு உன் சான்றிதழின் நகலை எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாளும் தேதியையும் முத்திரையையும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இன்றுதான் மேல் மூலையில் அச்சாகியிருக்கும் பிரிவின் பெயரைப் படித்தேன். முப்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் இருப்பவன் நான். அந்தப் பிரிவுக்கு யாரும் சளி, காய்ச்சல் என்று போவதில்லை. அங்கே வலிக்கு மட்டும்தான் மருந்து கொடுப்பார்கள். யார் யாருடைய நெஞ்சுப் படத்திலோ கடுகளவு நிழலைக் கண்டுபிடிக்கிறவனுக்கு, சொந்த அக்கா அனுப்பிய தாளில் இவ்வளவு பெரிய எழுத்து கண்ணில் படவில்லை.

ஏன் மறைத்தாய்? நான் வந்துவிடுவேன் என்றா, வரமாட்டேன் என்றா?

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு எங்கள் டாக்டர் அம்மாவிடம் சொல்லி அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்லப் போகிறேன். அதற்குள் நீயே யாரையாவது விட்டுப் பேசச் சொல். நான் போட்ட கையெழுத்து பொய்யில்லை என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்.

தம்பி


சனிக்கிழமை, பகல்

அக்கா,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டப் போவதில்லை.

புதன்கிழமை டாக்டர் அம்மா போன் பேசிவிட்டு எக்ஸ்ரே அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு என்பதுதான். அக்கா போய்விட்டாள் என்றால் தம்பிக்காரன் கேட்கிற கேள்வியா இது? அங்கே இன்னும் விடியவில்லையாம். இங்கே மணி பத்து நாற்பது. நான் உறுதி கூறியது பதினொன்று இருபதுக்கு.

அதன் பிறகுதான் அழுதேன். வரிசையில் நின்ற நோயாளிகள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கமாவிடம் போனேன். பவர் கொடுத்தவங்க மூச்சு நின்ன நிமிஷமே பவரும் நின்னுபோச்சு சார் என்றார். பிறகு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, நாப்பது நிமிஷம்தானே, யாரு கடிகாரம் பாக்கப் போறா, தேதி ஒண்ணுதானே என்றார். கெட்டவர் இல்லை, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னார். நீங்க அலையக் கூடாதுன்னுதான் உங்க அக்கா இருக்கும்போதே முடிச்சுக் குடுக்க நெனச்சிருக்காங்க என்றும் சொன்னார். அவர் அறியாமல் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை அறுக்கிறது. நீ நாள் எண்ணிக்கொண்டு படுத்திருந்தாய். நான் ஷிப்ட் மாற்றிக் கொடுத்தேன்.

நேற்று டிரைவரையும் டீச்சரையும் வரச் சொல்லி உள்ளதைச் சொல்லிவிட்டேன். அப்ப ஆபீஸ்ல பொய் சொன்னீங்களா சார் என்று அவர் எழுந்துவிட்டார். எனக்கே தெரியாமச் சொல்லிட்டேன்ப்பா என்றேன். அவருக்குக் கோபம் வந்தது நியாயம். நாளைக்கு யாராவது வில்லங்கம் கிளப்பினால் அவர் தெருவில் நிற்க வேண்டும். அந்தப் பதிவு செல்லாது, அக்காவுக்கு என்னை விட்டால் வேறு வாரிசு இல்லை, அவள் சொத்து எனக்கு வந்ததற்கான காகிதங்களை வாங்கி என் பெயரில் நானே மறுபடி எழுதிக் கொடுக்கிறேன், ஆறு மாதமானாலும் காத்திருங்கள் என்று கேட்டேன். வீடே வேண்டாம் என்று அவர் சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தார்.

டீச்சர் அவரை நிறுத்தினாள். என்னிடம் வேறு ஒன்று கேட்டாள். நாங்க ஏறி வரும்போது எங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க ஏறுனாங்களே, அவங்க உங்க வீட்டம்மாவா என்றாள். முதுகு மட்டும் தெரிந்ததாம், கையில் ஒரு பை இருந்ததாம். இவள் காலையிலிருந்து வீட்டுக்குள்தான் இருந்தாள். டீச்சர் என் முகத்தையே பார்த்துவிட்டு, நாங்க காத்திருக்கோம் சார், நீங்க மொதல்ல அவங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்க என்றாள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்.

அந்தப் பையை எனக்குத் தெரியும். அப்பா போனபோது நீ ஒரு நாள் பிந்தி வந்தாய். வீடு உன் பெயரில் இருப்பது எனக்குத் தெரிந்ததும் அன்று காலையில்தான். அப்பா முகத்தைப் பார்க்க வராதவளுக்கு அப்பா வீடு மட்டும் வேணுமா, இந்த வீட்டுப்படி ஏறாதே என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்கக் கத்தினேன். நீ அப்போது மூன்றாவது படியில் இருந்தாய். கையில் பை. நாலாவதைத் தாண்டக் காலைத் தூக்கியவள், அப்படியே இறக்கித் திரும்பிப் போனாய். அடுத்த மாதமே ஒன்றும் நடக்காத மாதிரி கடிதம் போட்டாய். நானும் ஒன்றும் நடக்காத மாதிரியே பத்தொன்பது வருஷம் பதில் போட்டேன். விமான டிக்கெட் கிடைக்காமல் நீ ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததை இவளுக்கு எழுதியிருக்கிறாய், எனக்கு எழுதவில்லை. மன்னித்துவிடு என்று ஒரு வரி எழுத எனக்கு ஒரு கடிதத்தில்கூட இடம் கிடைக்கவில்லை. கூரை ஒழுகுவதை எழுத மட்டும் இடம் இருந்தது.

இன்று லீவு போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பத்து நாற்பதுக்குக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு இடைவெளி. ஐந்து. பதினொன்று வரை எண்ணினேன். எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். நான் வா என்று சொல்வதற்காகத்தான் நீ நிற்கிறாய் என்று அப்போதுதான் உறைத்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது, வார்த்தை வரவில்லை.

அதனால் எழுதுகிறேன். இதை மேல்படியில் வைத்து, பறக்காமல் ஒரு கல்லை வைக்கிறேன். படியில்லாத வீட்டுக்கு இப்போதைக்குப் போகவில்லை, காகிதங்கள் வரும் வரை இங்கேதான் இருப்போம். பகலெல்லாம் கதவைச் சாத்தக் கூடாது என்று இவளிடம் சொல்லிவிட்டேன். உன் அறையைக் கூட்டி, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள்.

ஏறாதே என்று சொன்ன வாயால் சொல்கிறேன், உள்ளே வா அக்கா. பையைக் கீழே வை. இது உன் வீடு.

இப்படிக்கு, இந்த முறை உனக்காக அல்ல, எனக்காகவே கையெழுத்துப் போடும்,
உன் தம்பி