கரட் தாளும் பதிவுத் தபாலும்

2007 ஏப்ரல் 3, செவ்வாய்

இன்று மானம் போனதை எழுதி வைக்கிறேன். வேறு யாரும் எழுதி வைக்கமுன் நானே எழுதுவது நல்லது.

வெள்ளவத்தையில் லுத்பியா நடத்தும் கொமினிக்கேஷனுக்கு, அதாவது ரெலிபோனும் இன்டர்நெட்டும் உள்ள கடைக்கு, மகள் தட்சாயினி கூட்டிப் போனாள். கொம்பியூட்டருக்கு முன் என்னை இருத்தி, தெரியவேண்டியதை அடியுங்கோ அப்பா என்று சொல்லிவிட்டுத் தோழியோடு கதைக்கப் போய்விட்டாள். நான் இருபத்திரண்டு வருடமாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு கம்பனியின் ஸ்டோர்ஸ் கிளாக். யாரிடம் எதைக் கேட்பதென்றாலும் எனக்குக் கடிதம் எழுதத்தான் வரும். ஆகவே அடித்தேன்: ‘அன்புடையீர், போன வாரம் கட்டுநாயக்காவில் குண்டு போட்ட விமானம் ராடரில் ஏன் தெரியவில்லை என்பதைத் தயவுசெய்து அறியத்தரவும். இப்படிக்கு, கா. கதிர்காமநாதன்.’ இதையெல்லாம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். வீட்டு விலாசம் போட இடம் தேடிக்கொண்டிருந்தபோது லுத்பியா பின்னால் வந்து பார்த்துவிட்டு, ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் அழித்தார்.

“இதெல்லாம் பேரப் போட்டுக் கேக்கிற விஷயமா அண்ணன்? இது கூகிள். மனுக் குடுக்கிற கச்சேரி இல்ல.”

பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

ஏப்ரல் 5

ஒக்டோபஸுக்கு மூன்று இதயமாம், கூகிளில் கண்டேன். மனைவி பாலேஸ்வரியிடம் சொன்னேன். “உங்களுக்கு இருக்கிற ஒண்டை ஒழுங்கா வைச்சிருங்கோ” என்றாள். பிரஷர் குளிசை போட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, புதன்

எங்கள் ஸ்டோர்ஸில் பகல் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. பெட்டிகளைச் சேர்த்து மேசையாக்கி எல்லோரும் ஒன்றாக இருப்போம். ஒருவர் பேப்பரை வாசித்து விளங்கப்படுத்துவார். பத்து வருடமாக அந்த ஒருவர் தியாகராசாதான். சீனியர் கிளாக், என்னைவிட மூன்று வயது மூத்தவர். மரண அறிவித்தலில் தொடங்கி யுத்தத்தில் முடிப்பார். சண்டைக்குப் போன ஆள்போலவே கதைப்பார்.

இந்த இரண்டு கிழமையாக மேசை என் பக்கம் திரும்பிவிட்டது. ராடர் வருமுன் இங்கிலாந்துக் கடற்கரையில் சீமெந்தால் பென்னம்பெரிய காதுகள் கட்டி, விமானம் வரும் சத்தத்தை ஒற்றுக்கேட்டார்களாம். படத்தோடு பிரின்ற் எடுத்துப் போய்க் காட்டினேன். பொதி கட்டும் இருளப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான். தியாகராசா பேப்பரை மடித்து அதன்மேல் இருந்துகொண்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஒளிப்பானேன்.

ஏப்ரல் 30, திங்கள்

கிரிக்கெட் ஃபைனல் அன்று திரும்பவும் புலிகளின் விமானமென்று ஊரெல்லாம் வெளிச்சத்தை நிற்பாட்டி ஆமி வானத்தைப் பார்த்துச் சுட்டதில், இன்று மேசையில் வேறு கதை இல்லை. இருட்டில் அந்த விமானிக்கு எப்படிக் கண் தெரிந்தது என்று இருளப்பன் கேட்டான். தியாகராசா உடனே பிடித்துக்கொண்டார். கரட் என்றார். வெள்ளைக்காரன் தன் விமானிகளுக்குக் கரட் தீத்தித்தான் ஜெர்மன்காரனை விழுத்தினானாம். அவருடைய அக்கா இரத்தினம்மா கண்ணில் வெள்ளை விழுந்து, வன்னியிலிருந்து ஒப்பரேஷனுக்கு வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருக்கிறா. அவவுக்கும் ஒவ்வொரு நாளும் கரட் கொண்டுபோய்க் கொடுக்கிறாராம்.

இந்தக் கரட் கதையை நான் சனிக்கிழமைதான் வாசித்திருந்தேன். பிரின்றும் பையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? தாளை எடுத்து விரித்து, வெள்ளைக்காரன் ராடரை ஒளிப்பதற்காகக் கட்டிவிட்ட பொய்தான் அந்தக் கரட் என்று வாசித்துக் காட்டினேன்.

“அப்ப ஜெர்மன்காரனும் நம்ம ஐயாவும் மட்டுந்தாங்க நம்புனாங்க” என்றான் இருளப்பன்.

மேசை ஆடியது. தியாகராசாவும் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

மே 4

ஸ்டோர்ஸ் முழுக்க அவருக்குப் பெயர் ‘கரட் ஐயா’. மனேஜர்வரை போய்விட்டது. இன்று என்னிடம் வந்து அந்தத் தாளைக் கேட்டார், அக்காவுக்கு வாசித்துக் காட்டவேண்டுமாம். கொடுத்தேன். சாப்பாட்டுப் பொதியின் எண்ணெய் மூலையில் பட்டிருந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். என்ன மரியாதையான மனிதன் நான்.

மே 13, ஞாயிறு

வியாழக்கிழமை பொலிஸ் வேலைத்தலத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். நேற்றுப் பின்னேரம் விட்டார்கள். இரண்டு இரவு. பெல்ற்றைக் கழற்றி வாங்கியதால் காற்சட்டையைக் கையால் பிடித்தபடியே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை.

மொட்டைப் பெட்டிசம். பெயரில்லை. விமானம், ராடர் என்று படங்களும் தாள்களும் சேர்த்து ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிறேனாம். சார்ஜன்ற் அதோடு குத்தியிருந்த தாளைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். கரட் சேர் என்றேன். எந்த மொழியிலும் அது நல்ல பதிலாகப் படவில்லை. கடைசியில் மனேஜர் கடிதத்தோடு வந்ததால் விட்டார்கள்.

பாலேஸ்வரி இரண்டு நாளும் கேற்றடியில் வெயிலில் நின்றிருக்கிறாள். சோற்றுப் பார்சலை உள்ளே எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் போகாமல் நின்றிருக்கிறாள். கால் இரண்டும் வீங்கிப்போய்—

என்னை அடிச்சிருந்தாலும் பறவாயில்லை.

மே 15

அந்தத் தாளின் மூலையில் எண்ணெய்.

நான் கண்டனான். சார்ஜன்ற் தூக்கிப் பிடிக்கேக்க வெளிச்சம் அதுக்குள்ளால வந்தது. ஒரே ஒரு தாள். ஒரே ஒரு ஆளிட்டக் குடுத்தனான்.

இன்று வேலைக்குப் போனேன். “உடம்பு சுகமோ ஐஸே?” என்று அவர்தான் முதலில் கேட்டார். சுகம் என்றேன். மேசையில் அவர் மரண அறிவித்தல் வாசித்தார். எல்லோரும் கேட்டோம்.

மே 20, ஞாயிறு

பாலேஸ்வரி வேண்டாமென்று சொல்லியும் லுத்பியாவிடம் போனேன். பழிவாங்குவதைப்பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், இம்முறை பெயர் போடாமல். சுவிற்சர்லாந்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். தனக்குத் துரோகம் செய்தவனைத் தண்டிக்கும்போது மனிதனின் மூளையில், நல்லது ஏதும் கிடைக்கும்போது வேலை செய்யும் அதே இடம் வேலை செய்கிறதாம். தண்டிப்பதற்குத் தன் காசைச் செலவழிக்கவும் ஆட்கள் தயாராம்.

ஆகவே எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விஞ்ஞானமே சொல்கிறது.

மே 27

அந்த லொட்ஜ் எங்கள் ஒழுங்கையிலிருந்து கூப்பிடு தூரம். இரத்தினம்மாவை இன்று கோயிலடியில் கண்டேன். சுவரைத் தடவித் தடவி வந்தா. ஒரு மாதத்துக்கு மேல் தங்கியிருக்கிறா. வன்னி ஆள். இந்த நாளில் ஒரு பெட்டிசத்துக்கு இவ்வளவே போதும்.

அந்தாளைத் தொட்டால் நோகாது. மனுசனுக்கு நோகிற இடம் அக்காதான். எனக்கு நோகிற இடம் கேற்றடியில நிண்டது மாதிரி.

ஜூன் 3, ஞாயிறு

அடித்து முடித்தேன். ஆங்கிலத்தில் பதினோரு வரி. லொட்ஜின் பெயர், அறை இலக்கம், ‘கண் ஒப்பரேஷன் என்று சொல்லிக்கொண்டு’, ‘சந்தேகத்துக்கிடமான பொதிகளுடன் தினமும் வந்துபோகும் ஒருவர்’. அந்தப் பொதி கரட். நல்ல கடிதம். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நல்ல கடிதம் நான் எழுதியதில்லை.

லுத்பியா தாளைப் பார்க்காமலே எடுத்துத் தந்தார்.

ஜூன் 5, செவ்வாய்

என்னைப்போல ஒரு மடையன் இந்த நாட்டில் இருக்கமாட்டான்.

முக்கியமான கடிதம், தவறிப்போகக் கூடாது என்று பதிவுத் தபாலில் போடப் போனேன். கம்பனிக் கடிதமெல்லாம் அப்படித்தானே போடுவேன். வரிசையில் நின்று கடிதத்தைக் கொடுத்தேன். தபால்கந்தோர்ப் பெண் திருப்பிப் பார்த்துவிட்டு, அனுப்புகிறவரின் பெயர், விலாசம் எங்கே என்று கேட்டாள். மொட்டைப் பெட்டிசத்துக்குப் பெயரும் விலாசமும். பேனையைக்கூட நீட்டினாள். கை அதை வாங்கி ‘கா.’ என்று எழுதத் தொடங்கிவிட்டது.

கடிதத்தைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னொரு உறை வாங்கவேண்டும்.

ஜூன் 6

புது உறை. முத்திரை ஒட்டியாகிவிட்டது. சரியான மழை. நாளைக் காலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் பெட்டியில் போடுவேன்.

ஜூன் 7, வியாழன்

காலி வீதிக்கு ஏறியபோதே பஸ்கள் நின்றன. பொலிஸ் லொட்ஜ் லொட்ஜாக ஏறி, வடக்குக் கிழக்கு ஆட்களை அரை மணித்தியாலத்தில் சாமான் கட்டச் சொல்லி ஏற்றுகிறார்கள். வவுனியாவுக்காம்.

இரத்தினம்மாவும் வந்தா. ஆஸ்பத்திரித் துண்டுகள் போட்ட பிளாஸ்ரிக் பையை நெஞ்சோடு பிடித்திருந்தா. பஸ் படி தெரியவில்லை. காலைத் தூக்கித் தூக்கி வெறும் காற்றில் வைத்தா. கடைசியில் ஒரு பெண் பொலிஸ் கையைப் பிடித்து ஏற்றியது.

என் பையில் கடிதம். நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு விதத்திலும் ஒன்றும் செய்யவில்லை.

தியாகராசா வேலைக்கு வரவில்லை.

ஜூன் 8

வந்தார். சவரம் செய்யவில்லை. மேசையில் எனக்கு நேரே இருந்தார், பேப்பர் இல்லாமல். இன்றுதான் அக்காவுக்கு ஒப்பரேஷன் நாள் கொடுத்திருந்தார்களாம். மற்றவர்கள் கை கழுவப் போனதும் குனிந்தபடியே கேட்டார்.

“நீர்தானே எழுதினீர்?”

என் வாயில் சோறு.

“நான் எழுதினதுக்கு நீர் எழுதிப்போட்டீர். அது சரி. ஆனா என்ர பேரை எழுதியிருக்கலாம்தானே, ஐஸே. அவவுக்குப் படி தெரியாது.”

நான் மென்றேன். எத்தனை லொட்ஜ், எத்தனை பஸ், எல்லாம் என்னுடைய பதினோரு வரிக்கா வந்தது? பெட்டிசம் எழுதியவனுக்கு உலகத்தில் எல்லாமே பெட்டிசத்தால்தான் நடக்கிறது. விழுங்கியபின் சொல்லலாம் என்று நினைத்தேன். விழுங்கினேன். இன்னொரு பிடி எடுத்து வாய்க்குள் வைத்தேன்.

ஜூன் 11, திங்கள்

கோர்ட் தடுத்ததால் ஆட்களைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். இரத்தினம்மாவும் வந்துவிட்டா. ஒப்பரேஷன் நாள் தவறிப்போனது. இனி ஓகஸ்டில்தானாம்.

பத்து மணித் தேத்தண்ணீரைத் தியாகராசாவே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மூத்தவர், சீனியர். சீனி அளவாகப் போட்டிருந்தார். குடித்தேன். சுவிற்சர்லாந்துக்காரன் சொன்ன இடம் எங்கே இருக்கிறதென்று இப்போது எனக்குத் தெரியும்.

ஜூன் 25

இன்று சாப்பிடும்போது பொக்கற்றிலிருந்து தாளொன்றை எடுத்து, அவரை ஒருதரம் பார்த்துவிட்டு, ஏதோ எழுதினேன். “என்ன எழுதுறீர்?” என்றார். சும்மா என்றேன். அவர் சோற்றைக் கட்டி வைத்துவிட்டார்.

தேங்காய், செத்தல் மிளகாய், ஒரு கட்டி சவர்க்காரம். அவ்வளவுதான் எழுதினேன். இருளப்பன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 8, ஞாயிறு

பாலேஸ்வரி துவைக்கப் போட்ட பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். தட்சாயினியிடம் கொடுத்து வாசிப்பித்திருக்கிறாள். மகள் என் முகத்தைப் பார்க்காமல் ரியூஷனுக்குப் போய்விட்டாள்.

“போட்டனீங்களோ?”

இல்லை என்றேன். மழை என்றேன். பஸ் என்றேன். அவர் நான்தான் போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் சொன்னேன், ஒரு பகிடிபோல.

“போய்ச் சொல்லுங்கோ, நான் போடேல்லை எண்டு.”

“அந்தாள் என்னை உள்ளுக்குப் போட்டவன், பாலேஸ்.”

“வெளியில நிண்டது நான். எனக்கில்லாத கோபம் உங்களுக்கு என்னத்துக்கு?”

கடிதத்தை வாங்கி, நாளை வேலைத்தல லாச்சிக்குள் போடவென்று எடுத்து வைத்தேன்.

ஓகஸ்ட் 13

ஒப்பரேஷன் முடிந்ததாம். ஒரு கண். கட்டு அவிழ்த்ததும் லொட்ஜ் சுவரில் இருந்த பல்லியைத்தான் முதலில் கண்டாவாம். தியாகராசா மேசையில் சொன்னார், எல்லோரையும் பார்த்து, என்னைத் தவிர.

ஓகஸ்ட் 20, திங்கள்

தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“அந்தக் கரட் தாள் இன்னொண்டு எடுக்கலாமோ? அண்டைக்கு நான் அவவுக்கு வாசிச்சுக் காட்டேல்லை. இப்ப அவவே வாசிக்கவேணுமாம்.”

எடுத்து வைத்திருந்தேன். சனிக்கிழமை லுத்பியாவிடம் போனபோது ஏனென்று தெரியாமல் எடுத்தது. மேசை லாச்சியைத் திறந்து, கீழே கிடந்த முத்திரை ஒட்டிய உறையில் கை படாமல், தாளை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். மூலையில் எண்ணெய் இல்லை. மடித்துச் சேட் பொக்கற்றில் வைத்தார்.

“அக்காவுக்கு வெள்ளி மற்றக் கண். நாங்கள் ரெண்டு பேரும் இதோட சமன் எண்டு வைப்பமே, ஐஸே?”

அவர் கை நீட்டினார். ஓம் என்று சொல்லிக் கையைக் கொடுத்தேன்.

சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: சமனில்லை, நான் போடேல்லை.