முகம் இல்லாத பேனர்

சார்,

பிளக்ஸ் மெஷின் மையின் நெடி, நீங்கள் படம் வரையும் அறையில் இருந்த டர்பன்டைன் எண்ணெய் மாதிரியே மூக்கில் ஏறும். இன்று இந்த மெஷினில் உங்களுக்கே கண்ணீர் அஞ்சலி அடிக்கிறேன். முகம் வரவேண்டிய வட்டம் காலி. "போட்டோ எங்கடா?" என்று ஓனர் கத்துகிறார். யாரிடமும் இல்லை. பாஸ்போர்ட்டையும் போலீஸ் எடுத்துப் போய்விட்டது.

உங்கள் ஊரான ஜெர்மனியில் மேயர்களையும் முதலாளிகளையும் வரைந்து பேர் வாங்கியவர் நீங்கள். "எல்லாருக்கும் மூக்கச் சின்னதாக்கிக் குடுத்தே கை கெட்டுப்போச்சுடா" என்பீர்கள். வெறுத்துப்போய் இங்கே வந்து, இருபது வருடம் கிரிவலப் பாதையில் டீ ஆற்றுகிறவர், முடி வெட்டுகிறவர், பூ கட்டுகிற அக்கா என்று வரைந்தீர்கள். எதிரே உட்கார்ந்தவரை மட்டும்தான் வரைவீர்கள். போட்டோ பார்த்து வரையவே மாட்டீர்கள்.

என் தம்பி பைபாஸில் லாரியில் அடிபட்டுச் செத்தான். அவன் படமெல்லாம் இருந்த போனும் நொறுங்கிவிட்டது. மிஞ்சியது ஆதார் அட்டை. "இதுல திருடன் மாதிரி இருக்கான்டா. காரியத்துக்குள்ள எம்புள்ள முகம் வேணும்" என்று அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். உங்களிடம் ஓடி வந்தேன்.

"செத்தவன வரைய மாட்டேன். நீ அவன் ஜாடைதானே? அவன் சட்டையப் போட்டுக்கினு வந்து உக்காரு."

காலேஜில் ஒரு வருடம்கூட உட்காராத நான், பத்து நாள் ஆடாமல் உட்கார்ந்தேன். தம்பியின் புருவத்தில் இருந்த தழும்பு எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். என் வலது புருவத்தைத் தொட்டேன்.

அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அவனுக்கு எடது பக்கம்டா."

எதிரே நின்றே பார்த்த முகம். கண்ணாடி மாதிரி மாற்றிக் காட்டியிருக்கிறேன். நீங்கள் பிரஷ்ஷை எடுத்தீர்கள். அம்மா தடுத்தாள்.

"வேணாம் சார். தழும்ப மாத்திட்டா ஆச்சா? கண்ணு பெரியவனோடது. உசுரோட இருக்கறவனுக்கு எப்படி மாலை போடுவேன்?"

காரியத்தன்று அந்தச் சட்டைக்குத்தான் மாலை போட்டோம். நீங்கள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தீர்கள். அப்புறம் சாகும்வரை யாரையும் வரையவில்லை.

வட்டத்தில் விளக்குப் படம் போடச் சொல்கிறார் ஓனர். போட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பத்து நாளும் நீங்கள் என்னைப் பார்த்தபோது நானும் உங்களைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? மூக்கு லேசாகக் கோணல். தாடிக்குள் ஒரு மச்சம், எனக்கு வலது பக்கம் தெரிந்தது.

உங்களுக்கு இடது, சார். இந்த முறை யார் கேட்டாலும் தப்பாகச் சொல்லமாட்டேன்.